கடைசி இரண்டு எண்

கரடியூர் பொன்னுவேலிடம் மூன்று மிலிட்டரி ஜீப்கள் இருக்கின்றன. ஆனால் அவர் கதையை நான்காவது ஜீப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது அவரிடம் இல்லை.

இருப்பதை முதலில் சொல்லிவிடலாம். அவருக்குச் சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலையில் மூன்று ஏக்கர் இருபது சென்ட் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார். ராணுவ ஏலத்தில் எடுத்து விற்கும் பெங்களூர் வியாபாரி ஒருவரிடம் 1991ஆம் ஆண்டு முதல் ஜீப்பை வாங்கினார். அது 1967இல் செய்த வண்டி. 1999இல் ஜோங்கா எனும் பெரிய ராணுவ ஜீப் ஒன்று வந்தது. 2006இல் வந்த மூன்றாவதற்கு இன்றுவரை எஞ்சின் இல்லை. வண்டிகளைத் தவிர, ஷெட்டின் சுவரில் பதினான்கு ஜெர்ரி கேன், ஏழு மண்வெட்டி, நான்கு கோடாரி, விமானத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியாதபடி மேல்மூடி போட்ட யுத்தகால விளக்கு ஐந்து. எல்லாம் ராணுவ ஜீப்பின் பக்கவாட்டில் ஒரு காலத்தில் தொங்கியவை.

"கொட்டை காயப் போட எடமில்ல. கோடாரிக்கு மட்டும் ஆணியடிச்சு எடம்," என்பார் அவர் மனைவி ராசாத்தி. வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்வார், பெரும்பாலும் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழியில்.

"கோடாரி மழையில நனைஞ்சா துருப்புடிக்கும் புள்ள."

"கொட்டை நனைஞ்சா என்ற வயிறு துருப்புடிக்கும். அது பரவால்லீங்களா?"

மலையில் ஜீப் ஓட்டாதவர் குறைவு. ஆனால் பழைய ராணுவ ஜீப் என்றால் ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் வரைக்கும் ஒரே பெயர்தான். அதற்குக் காரணம் அவருடைய கை. பழைய வண்டியின் பானட்டில் இரு பக்கமும் ராணுவம் எழுதிய எண் இருக்கும். பிற்பாடு வாங்கியவர்கள் அதன்மேல் பெயின்ட் அடிப்பார்கள். அதற்கு மேல் இன்னொருவர் அடிப்பார். நான்கு தட்டு, ஐந்து தட்டுக்குக் கீழே அந்த எண் உறங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப வாட்டர் பேப்பர் எனும் நைஸான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில், தாளின் எடைக்கு மேல் எடை கொடுக்காமல் தேய்க்க வேண்டும். மேல்தட்டு பாலாகக் கரைந்து வழியும். எண் முதலில் நிழலாகத் தெரியும். நிழல் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று நான்கு இழுப்பு கூட இழுத்தால் எண்ணும் பாலாகி வழிந்துவிடும். போனால் போனதுதான். 2008ஆம் ஆண்டு தன் 1967 வண்டியின் பானட்டில் அம்புக்குறியோடு தொடங்கும் எண்ணை ஒன்று விடாமல் எடுத்தவர் பொன்னுவேல்.

சேலத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் பொங்கல் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் கண்காட்சி நடக்கும். அதை நடத்துகிற ஜெயகுமாரி அம்மாள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வண்டிக்கும் தன் கையாலேயே விவர அட்டை எழுதி வைப்பார். அங்கே ஒரு விதி. எண் முழுதாக உள்ள ராணுவ வண்டிகளில் எது வயதில் மூத்ததோ அதற்குக் கொடிக்கம்பத்துக்கு நேர்முன்னே இடம். மற்றவை பின்வரிசை. 2016இலிருந்து அந்த இடம் பொன்னுவேலின் வண்டிக்குத்தான். கொரோனாவில் கண்காட்சி நடக்காத வருஷங்கள் போக, ஏழு முறை.

இனி நான்காவது ஜீப். பெல்மவுண்ட் எஸ்டேட்டின் பழம் அரைக்கிற கொட்டகைக்குப் பின்னால் தகரத்துக்கு அடியில் ஒரு ஜீப் கிடந்தது. 1996 பிப்ரவரியில் ஒரு நாள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மணியைப் பார்க்கக் காத்திருந்தபோது பொன்னுவேல் அதற்கடியில் படுத்துப் பார்த்தார். துருவைத் துணியால் துடைத்தார். போல்ட்டுத் தலையில் 'எஃப்' என்ற எழுத்து. இன்னொரு போல்ட்டு, அதிலும் எஃப். இரண்டாம் உலக யுத்தத்துக்காக ஃபோர்டு கம்பெனி செய்த ஜீப்பில்தான் போல்ட்டுக்குப் போல்ட்டு அந்த எழுத்து இருக்கும். எழுந்து முதுகில் ஒட்டிய காப்பித் தொலியைத் தட்டிவிட்டு, ஒன்றும் பார்க்காதவர்போல ரைட்டரிடம், "அந்தப் பழைய வண்டியக் குடுப்பாங்களாங்க?" என்றார்.

கொடுக்கவில்லை. அதற்குப் பின்னும் கேட்டார். மொத்தம் பதினோரு முறை. கடைசியாக 2021 டிசம்பரில். போல்ட்டில் உள்ள எழுத்தைப் பற்றி ராசாத்தியிடம்கூட மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால் போட்டிக்கு ஆள் வந்துவிடும் என்ற பயம். இருபத்தேழு வருஷம் அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்துத் திரிந்தார்.

2023 மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா. எஸ்டேட் முதலாளியின் குடும்பத்தைக் கோயிலுக்கு ஏற்றிப்போனவர் சத்யராஜ். ஏரிக்கரையில் டாக்ஸி ஜீப் ஓட்டுகிறவர், வயது நாற்பத்தொன்று. அவர் அம்மா குப்பாயி அதே எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் பழம் பறித்தவர். கோயிலிலிருந்து இறங்கும்போது சத்யராஜ் சும்மா பேச்சுவாக்கில் கேட்டாராம், கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் வண்டியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று. "எடுத்துக்கப்பா" என்றாராம் முதலாளி. ஜூன் 5ஆம் தேதி, திங்கட்கிழமை, டிராக்டரில் கட்டி இழுத்துப்போனார்.

பதினோரு முறை கேட்டவருக்கு இல்லை. ஒரு முறை கேட்டவருக்கு உண்டு.

பொன்னுவேலுக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. சத்யராஜ் கெட்டவராக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. மறுநாளே தேன்வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றார்.

"அண்ணா, ஒரு பழைய வண்டி கெடைச்சிருக்குதுங்க. நீங்க வந்து ஒருக்கா பாக்கோணும். எனக்கு என்ன தெரியுது?"

போய்ப் பார்த்தார். அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பதுபோல டயரைக் காலால் தட்டினார்; பானட்டைத் தூக்கி மூடினார்.

"அறுபத்தஞ்சுக்கு அப்புறம் வந்த வண்டி சாமி. கண்டதையும் மாட்டி ஓட்டியிருக்காங்க. உனக்கு இதுல கை வெச்சா செலவுதான். வேணும்னா நான் ஸ்பேருக்கு எடுத்துக்கறேன்."

சத்யராஜ் தலையாட்டினார். வண்டியை மட்டும் கொடுக்கவில்லை. நான்கு மாதம் கழித்து போனில் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு குதூகலம்.

"அண்ணா! போல்ட்டுல எஃப் இருக்குதுங்க! எல்லாத்துலயும் இருக்குதுங்க! யுத்தத்துக்குச் செஞ்ச வண்டியாமுங்க. பாருங்க, உங்க கண்ணுக்கே தப்பிப்போச்சு!"

பொன்னுவேல் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் பார்த்தார். நம்மைப் பொய்யன் என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. கண் தப்பிவிட்டது என்கிறானே! இருபத்தேழு வருஷமாக அந்த எழுத்தைக் கண்ணுக்குள் வைத்திருந்தவரைப் பார்த்து, பார்க்கத் தெரியவில்லை என்கிறான். அந்தச் சொல் நெஞ்சில் ஏறிய இடத்திலிருந்து பிறகு இறங்கவே இல்லை.

"ஏனுங்க, அவன் வண்டி அவன் ஊட்ல நிக்குது. நீங்க ஏன் ராவும் பகலும் அதையே சுத்தறீங்க?" என்று கேட்டார் ராசாத்தி.

"நான் எங்க சுத்தறேன்?"

"டவுனுக்கு உப்பு வாங்கப் போறவரு அவன் ஊட்டு வழியாத்தான் போவோணுமா? அது சுத்து வழியில்லீங்களா?"

ஒரு வருஷத்துக்குள் சத்யராஜ் வண்டியை ஓட வைத்துவிட்டார். பிறகு கரடியூருக்கு வந்தார். இம்முறை பழம் இல்லை. கை கட்டி நின்றார்.

"பானட்டு நம்பரை எடுக்கோணுங்ண்ணா. வலப்பக்கம் மரக்கிளை விழுந்து நசுங்கி, புதுத் தகடு வெச்சு ஒட்டியிருக்காங்க. அங்க ஒண்ணும் இல்ல. எடப்பக்கம் மட்டுந்தான். ஒரே வாய்ப்பு. உங்க கையத் தவிர வேற கையை நான் தொட உடமாட்டேங்க."

எண் வந்தால் கொடிக்கம்பம் போகும். அது சத்யராஜுக்குத் தெரியாமலிருக்காது. தெரிந்தும் இங்கேயே வந்து நிற்கிறான். முடியாது என்றால், பயந்துவிட்டார் என்று ஊர் சொல்லும். பொன்னுவேல் ஒப்புக்கொண்டார். இன்னொரு காரணமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை: அந்த எண்ணை உலகத்தில் முதலில் பார்க்கிற கண் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால். சத்யராஜின் வீட்டுப் பின்புற ஷெட். மூடுபனியில் வாசலுக்கு எதிரே உள்ள மரம்கூடத் தெரியவில்லை. தேய்க்கிறவரைத் தனியாக விடுவது வழக்கம். பேச்சுக் கொடுத்தால் கை கனத்துவிடும் என்பார்கள். சத்யராஜ் வாளியையும் தாளையும் வைத்துவிட்டு, "டாக்ஸி ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வந்தர்றேனுங்க" என்று கிளம்பினார்.

முதலில் எஸ்டேட்டின் வெள்ளிப் பூச்சு கரைந்தது. அதற்கடியில் செங்காவி ப்ரைமர். அதற்கும் அடியில் யாரோ ஒரு துரை அடித்த நீலம். ஒன்பதே முக்காலுக்கு ராணுவப் பச்சை எட்டிப் பார்த்தது. கை தானாக மெதுவாயிற்று. பத்து மணி இருபது நிமிடத்துக்கு '2' வந்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக. பதினொன்று அடிப்பதற்குள் ஏழும் வந்துவிட்டன: 2047316. ஒரு எண்ணுக்கும் ஊனமில்லை. எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ அச்சுத் தகட்டை வைத்துத் தூரிகையால் ஒற்றிய வெள்ளை, பனியில் நனைந்த பச்சையின் மேல் நின்றது.

பொன்னுவேல் கையை எடுத்தார். அவர் ஆயுளில் எடுத்த எண்களிலெல்லாம் இதுதான் அழகு. இப்படி ஒன்று தன் வண்டியில் இல்லை என்ற எண்ணம் அடுத்த நொடியே வந்தது. ஜனவரியில் கொடிக்கம்பத்தின் கீழே இந்த வண்டி நிற்கும். தான் பின்வரிசையில் நிற்க வேண்டும். சத்யராஜ் அங்கிருந்து கையாட்டுவான், நிச்சயம் ஆட்டுவான். "அண்ணன் எடுத்துக் குடுத்ததுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

தாளை மறுபடி வாளியில் நனைத்தார். வலது ஓரத்திலிருந்து பிடித்தார். ஆறு இழுப்பில் '6' போயிற்று. '1' மெல்லிய கோடுதானே, நான்கே இழுப்பு.

பத்து இழுப்புக்கும் எடை கொடுக்க வேண்டியிருந்தது. கை தவறியது என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. ஒத்து வரவில்லை.

பதினொன்றரைக்குச் சத்யராஜ் டீயோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். டீ டம்ளர் சாய்ந்து சட்டையில் ஊற்றியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அஞ்சு! அண்ணா, அஞ்சு வந்திருக்குதுங்களே!"

"கடைசி ரெண்டும் இல்ல சாமி. முந்தியே எவனோ உப்புத்தாளு போட்டுத் தேச்சிருக்கான்."

"இருந்துட்டுப் போகட்டுமுங்க. அஞ்சு வந்ததே பெருசு." சத்யராஜ் அவர் கையைப் பிடித்து, சோப்பும் பெயின்ட்டும் வழிந்த அந்த விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொன்னுவேல் கையை உருவிக்கொண்டு வாளித் தண்ணீரைக் கொட்டப் போனார்.

அன்றைக்கு அவருக்குக் கிடைக்க வேண்டிய நிம்மதி கிடைக்கவில்லை. ஏழில் ஐந்துதானே கிடைத்தது, முகம் சுருங்க வேண்டாமா? அரைகுறைக்கே இப்படிப் பூரிக்கிறவனிடம் எதைத்தான் பறிப்பது?

2025 ஜனவரி 19. ஞாயிறு என்பதால் மலை ஏறிவரும் சுற்றுலாக் கூட்டத்துக்கு அஞ்சி, மலை ஜீப்கள் எல்லாம் குப்பனூர் மாற்றுப் பாதை வழியாக விடியற்காலையிலேயே இறங்கின. எட்டரைக்கெல்லாம் பொன்னுவேலின் வண்டி கொடிக்கம்பத்துக்கு நேர்முன்னே நின்றது. எட்டாவது முறை. விதிப்படி, எண் குறைந்த சத்யராஜின் வண்டி பின்வரிசையில், வலது கோடியில், குடிதண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில். ராசாத்தி மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். பொன்னுவேல் மஞ்சள் துணியால் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

பத்து மணிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். வண்டியைப் பார்த்தார்கள். "ஏனுங்க, வாசல்ல சொன்னாங்களே, இந்த நம்பர் அழிஞ்ச ஜீப்பு எங்க நிக்குதுங்க?" என்று கேட்டார் கணவர்.

பொன்னுவேல் தண்ணீர் டேங்கைக் காட்டினார்.

பத்தரைக்கு இரண்டு கல்லூரி மாணவிகள். அதே கேள்வி. பதினொன்றுக்கு ஒரு ராணுவ ஓய்வூதியக்காரர், மீசையை முறுக்கிக்கொண்டு. அவருக்கும் அதே டேங்க்தான் வேண்டும்.

"ஒரு போர்டு எழுதி மாட்டிருங்க," என்றார் ராசாத்தி. "கைய நீட்டி நீட்டி வலிக்கப்போவுது."

பொறுக்க முடியாமல் எழுந்து போனார். சத்யராஜின் வண்டியைச் சுற்றி அறுபது பேராவது இருந்தார்கள். வண்டி முழுவதும் புதுப் பச்சை. பானட்டின் இடப்பக்கம் மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் பழைய பூச்சை அப்படியே விட்டு, மேலே வார்னிஷ் அடித்திருந்தார். 20473. அதற்கப்பால் இரண்டு எண்ணுக்கான வெறும் இடம். தெரியாத எண்ணை எழுத மாட்டேன் என்று விட்டுவிட்டாராம். அந்த வெறும் இடத்தைத்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னவா இருக்கும்?" என்று ஜெயகுமாரி அம்மாள் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சைபர் சைபர்ல இருந்து தொண்ணூத்தொன்பது வரைக்கும் நூறு வழி இருக்கு. ஆளுக்கொண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

"நாப்பத்தேழு!"

"எங்க ஆயா பொறந்த வருசம், முப்பத்திரெண்டு!"

"நம்பரு எப்படிங்க வந்துது?" என்று ஒருவர் கேட்க, சத்யராஜ் பெருமையாகச் சொன்னார்: "எங்க பொன்னண்ணன் நாலு மணி நேரம் தேச்சாருங்க. அவிய கை இல்லீன்னா இந்த அஞ்சும் இல்லீங்க."

பொன்னுவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். தன் வண்டிக்கு முழு எண் இருக்கிறது, யார் பார்த்தார்கள்? இந்தக் கூட்டம் கூடியதும் தன் கையால்தான். அந்த வெறும் இடத்தை உண்டாக்கியதும் அதே கைதான். எண்ணை அழிக்காமல் விட்டிருந்தால்கூட இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

ஐஸ் விற்கிறவர் ஒருவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கத்தினார்: "அறுபத்தொண்ணு!"

"அறுபத்தொண்ணு இல்ல," என்றார் பொன்னுவேல். "பதினாறு."

வாய் முந்திக்கொண்டது. எண்ணைத் திருப்பிப் போட்டுச் சொன்னதை அவரால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. கூட்டம் சிரித்தது. "அண்ணன் பதினாறுங்கறாரு! எழுதிக்குங்கம்மா!" என்றது ஒரு குரல். அத்தோடு விட்டிருந்தால் நூறில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் ஐஸ்காரர் அவர் தோளில் தட்டி, "உங்களுது பதினாறு, என்றது அறுபத்தொண்ணு. ரெண்டும் அண்ணந்தம்பிதான், பாக்கலாமுங்க!" என்றார். தான் கண்ணால் கண்டதும் ஐஸ்காரர் வாய்க்கு வந்ததும் ஒன்றா?

"நான் குருட்டாம்போக்குல சொல்லலீங்க," என்றார் பொன்னுவேல். "பாத்தேன்."

சிரிப்பு ஒரு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. ஜெயகுமாரி அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். சத்யராஜ் பானட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"எப்பங்ண்ணா பாத்தீங்க?"

"தேய்க்கறப்ப."

"அப்புறம்?"

சத்யராஜ் அந்த வெறும் இடத்தைப் பார்த்தார், பிறகு பொன்னுவேலின் வலது கையைப் பார்த்தார். வார்னிஷுக்குள் ஓர் ஓரமாகத் தேய்ப்பு ஆழமாக இறங்கியிருப்பது ஜீப்காரர் எவருக்கும் தெரியக்கூடியதுதான். இத்தனை நாள் அதைப் பார்க்க வேண்டிய தேவை சத்யராஜுக்கு வந்திருக்கவில்லை.

"போல்ட்டு எழுத்தும் உங்களுக்கு முந்தியே தெரியுமுங்களா?"

"தொண்ணூத்தாறுலயே தெரியும்." இதைச் சொல்லும்போது பொன்னுவேலின் குரலில், வெட்கத்தையும் மீறி, ஒரு நிமிர்வு இருந்தது.

ஜெயகுமாரி அம்மாள்தான் பேனாவைத் திறந்தார். "அட்டையில என்ன எழுதறது சத்யராஜ்? பதினாறுன்னு போட்டா எண் முழுசாயிடும். முன்வரிசைக்குப் போகலாம்."

"போட வேண்டாமுங்க டீச்சர். அதுக்கு இவிய வாய்தான் சாட்சி. வேற சாட்சி இல்ல." அட்டையைச் சுட்டினார். "கடைசி ரெண்டு எண் பதினாறுன்னு கரடியூர் பொன்னுவேல் சொல்றார், அப்படீன்னு எழுதுங்க. அண்ணன்னு போடாதீங்க."

அம்மாள் அப்படியே எழுதினார்.

பொன்னுவேல் கொடிக்கம்பத்துக்குத் திரும்பிவந்தார். ராசாத்தி அவர் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பொன்னுவேல் மஞ்சள் துணியை எடுத்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

அங்கே தண்ணீர் டேங்குப் பக்கம் யாரோ குனிந்து அட்டையை வாசித்தார். என்னவோ கேட்டார். சத்யராஜ் திரும்பாமலேயே கையை நீட்டிக் கொடிக்கம்பத்தைக் காட்டினார். அந்த ஆள் நடந்து வந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர், அப்புறம் ஏழெட்டுப் பேர். பத்து நிமிடத்துக்குள் கொடிக்கம்பத்தைச் சுற்றி, இந்த எட்டு முறையில் ஒரு தடவைகூடச் சேராத கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவரும் வண்டியைப் பார்க்கவில்லை.